பேன் பெல்ட்டுக்கும் ஒரு வரலாறு இருக்கு

புத்தளத்தின் வரலாற்றை யார் எழுதத் தொடங்கினாலும் மூன்று விஷயங்கள் கட்டாயம் வரும். 1344 இல் இப்னு பதூதா இந்தக் கரையில் வந்து இறங்கி ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தது. 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் கல்பிட்டியில் கோட்டை கட்டியது. அப்புறம் உப்பு. மூன்றும் முக்கியம்தான். கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிற ஆள் நான், இப்னு பதூதாவை விட்டுக்கொடுக்க ஏலுமா? ஆனா இந்தக் கட்டுரையில் நாலாவதாக ஒன்றைச் சேர்க்கப் போகிறேன். பேன் பெல்ட்.

சிரிக்க வேணாம். விடியமுன்னம் கல்பிட்டியிலிருந்து மீன் ஏற்றிக்கொண்டு போகிற லொறி, நுரைச்சோலைப் பக்கம் மரக்கறி ஏற்றுகிற கென்டர், பாலாவிச் சந்தியில் பிள்ளைகளை ஏற்றுகிற ஸ்கூல் வான், கொழும்பு பஸ், எல்லாத்திலயும் பொனட்டுக்குள் ஒரு கறுப்பு றப்பர் பட்டி சுற்றிக்கொண்டிருக்கிறது. அது அறுந்தால் மீன் பழுதாகும், மரக்கறி வாடும், பிள்ளைகள் முதல் பாடத்தை விட்டுவிடுவார்கள். ஒரு மாவட்டத்தின் அன்றாட வாழ்க்கை இவ்வளவு மெல்லிய ஒரு பொருளில் தொங்கும்போது, அதைப் பார்த்துக்கொண்டவர்களைப் பற்றி நாலு வரி எழுதினால் என்ன?

டேவிட் எட்ஜர்டன் எண்டு ஒரு பிரித்தானிய வரலாற்றாசிரியர். ‘த ஷொக் ஒஃப் த ஓல்ட்’ எண்டு ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். தொழில்நுட்ப வரலாறு எண்டு நாங்கள் படிப்பதெல்லாம் கண்டுபிடிப்புகளின் வரலாறு, பாவனையின் வரலாறு அதில் காணாமல் போய்விடுகிறது எண்டு அவர் வாதிடுகிறார். பழுது பார்ப்பது, பராமரிப்பது, பழசை ஓட வைப்பது இதெல்லாம்தான் உலகத்தின் பெரும்பகுதி மக்கள் இயந்திரத்தோடு வாழ்ந்த விதம். இலங்கைக்கு இது அப்படியே பொருந்தும். கார் இங்கே கண்டுபிடிக்கப்படவில்லை. கப்பலில் வந்தது. வந்ததற்குப் பிறகு அதை நாற்பது வருஷம் ஓட வைத்ததுதான் எங்கட பங்கு.

முதலில் தோல் பட்டி

பெல்ட் இந்தப் பக்கத்துக்குக் காரோடு வந்த சாமான் இல்லை. புத்தளம், குருநாகல், கம்பஹா மூன்றும் சேர்ந்ததைத்தான் தென்னை முக்கோணம் எண்டு சொல்வார்கள். இந்த மாதிரித் தேங்காய் ஆலைகளிலும் தும்பு ஆலைகளிலும் பழைய முறை என்னவென்றால், ஒரு பெரிய எஞ்சின், கூரைக்குக் கீழே நீளமாக ஒரு இரும்புத் தண்டு, அந்தத் தண்டிலிருந்து ஒவ்வொரு மெஷினுக்கும் தனித்தனியாகத் தட்டையான பட்டி. தோலிலோ கன்வஸ் துணியிலோ செய்த பட்டி. சாரம் மாட்டினாலும், சட்டைக் கை மாட்டினாலும் ஆளை இழுத்துக்கொண்டு போகும். 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இந்த மாதிரிச் சக்தி கடத்தும் உறுப்புகளைச் சுற்றி வேலி அடைக்க வேண்டும் எண்டு சொல்வது இதனால்தான். சுற்றுகிற பட்டிக்கு இரக்கமில்லை எண்டது சட்டப் புத்தகத்திலேயே பதிவாகியிருக்கிறது.

காரும் இதே வழியைத்தான் பின்பற்றியது. போர்ட் மொடல் டி காரில் பேனைச் சுற்றியது ஒரு தட்டைப் பட்டிதான். தட்டைப் பட்டியில் ஒரு சிக்கல். பிடிப்பு முழுக்க இறுக்கத்தில் இருந்து வர வேண்டும். நல்லா இறுக்கினால் பெயாரிங் தேயும், தளர விட்டால் வழுக்கும். அமெரிக்காவில் டென்வர் நகரத்தில் தொழிற்சாலை வைத்திருந்த ஜோன் கேட்ஸ் 1917 இல் றப்பரும் நூலும் சேர்த்து ‘வி’ வடிவத்தில் ஒரு பெல்ட்டைக் கொண்டுவந்தார். ஆப்பு வைத்த மாதிரி அது புலியின் பள்ளத்துக்குள் இறங்கிப் பக்கச் சுவரைப் பிடிக்கும். குறைந்த இறுக்கத்தில் கூடுதல் பிடி. இவ்வளவுதான் சூத்திரம். நூறு வருஷம் தாண்டியும் லேன்ட்மாஸ்டரிலும் அரைக்கிற மில்லிலும் அதே ஆப்புதான் வேலை செய்கிறது.

பழைய கார்களில் ஒரேயொரு வி பெல்ட். ஒஸ்டின் ஏ40 மாதிரி வண்டியில் பொனட்டைத் திறந்தால் ஒரு முக்கோணம் தெரியும். கீழே கிராங்க் புலி, மேலே பேனும் வாட்டர் பம்பும், பக்கத்தில் டைனமோ. எஞ்சின் சுற்றுகிற சக்தியில் கொஞ்சத்தைக் கடன் வாங்கி, தண்ணியை ஓட வைத்து, காற்றை இழுத்து, பற்றரியை சார்ஜ் பண்ணும். பிறகு டைனமோ இருந்த இடத்தில் ஒல்டனேட்டர் வந்தது. அப்புறம் பவர் ஸ்டியரிங், ஏசி. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெல்ட், அதாவது பொனட்டுக்குள் இரண்டு மூன்று பட்டிகள்.

இதுக்கு முடிவு கட்டியது வரி பெல்ட். தட்டையாக, உள்பக்கம் நீளவாட்டில் வரிவரியாக இருக்கும். பாம்பு மாதிரி வளைந்து வளைந்து எல்லாப் புலிகளையும் ஒரே சுற்றில் தொட்டுப் போகும். 1979 போர்ட் மஸ்டாங் இதை முதலில் ஏற்றுக்கொண்ட கார்களில் ஒன்று. இடம் மிச்சம், மாற்றுவதும் சுலபம். ஆனா ஒரு விலை இருக்கிறது. முன்பு மூன்று பெல்ட்டில் ஒன்று அறுந்தால் மற்ற இரண்டும் ஓடும். இப்போது ஒன்று போனால் எல்லாம் போச்சு.

கதவு மூடின காலங்கள்

இனி எங்கட கதைக்கு வருவோம். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்து, மோட்டார் கார் உட்படப் பல பொருட்களின் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1970 முதல் 1977 வரை சிறிமாவோ அரசாங்கக் காலத்தில் அது இன்னும் இறுகியது. புதுக் கார் வராது எண்டால் இருக்கிற காரை வைத்துத்தான் ஓட வேண்டும். இலங்கையில் ‘பாஸ்’ எண்டு நாங்கள் மரியாதையாகக் கூப்பிடுகிற மெக்கானிக் கராஜுக்கு அரசன் ஆனது இந்த மாதிரிக் காலத்தில்தான். 1977 இல் ஜே. ஆர். ஜயவர்தன அரசாங்கம் பொருளாதாரத்தைத் திறந்துவிட்ட பிறகு, ஜப்பானில் ஓடி இங்கே வந்த வான்களும் லொறிகளும் வீதியை நிரப்பின. பொனட்டுக்குக் கீழே ஒட்டியிருக்கிற பெல்ட் வழி ஸ்டிக்கர் ஜப்பானிய எழுத்தில் இருக்கிறதே, அது அந்தத் திறந்த கதவின் அடையாளம். எழுத்து விளங்காவிட்டாலும் படம் விளங்கும்.

1990 இல் போர் திரும்பத் தொடங்கியபோது வடக்குக்கு வேறொரு கதவு மூடியது. பொருளாதாரத் தடை. எரிபொருள், பற்றரி, வாகன உதிரிப்பாகம் எல்லாம் தடைப்பட்டியலில். யாழ்ப்பாணத்தில் ஏ40 கார்களை மண்ணெண்ணெயில் ஓடவிட்ட கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தக் கதையை எல்லாரும் எரிபொருள் கதையாகத்தான் சொல்கிறோம். எரிபொருள் கிடைத்தால் மட்டும் கார் ஓடுமா? தண்ணி சுற்ற வேண்டும், டைனமோ சுற்ற வேண்டும். பெல்ட்டையும் தடைப்பட்டியல் விட்டுவைக்கவில்லை. முப்பது வருஷத்துக்கு மேற்பட்ட ஒரு காரைப் புதுச் சாமான் இல்லாமல் வைத்திருந்த கைகளின் திறமை அந்தக் கதைக்குள் ஒளிந்திருக்கிறது.

அதே வருஷம் ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாணத்தில் கொடுத்த நேரம் இரண்டு மணித்தியாலம். மன்னார்த் தீவு மக்கள் கடல் வழியாகக் கல்பிட்டிக் கரைக்கு வந்தார்கள். பெரும்பாலானவர்கள் தங்கியது புத்தளம் மாவட்டத்தில். வீடு, காணி, கடை, வாகனம் எல்லாத்தையும் விட்டுவிட்டு வந்தவர்கள். எங்கட பக்கத்துப் பிள்ளைகளில் எத்தனை பேருடைய வாப்பாமாரும் உம்மாமாரும் அந்தக் கூட்டத்தில் வந்தவர்கள் எண்டு நான் சொல்லத் தேவையில்லை.

இரண்டு மணித்தியாலத்தில் ஒரு கராஜைத் தூக்கிக்கொண்டு வர ஏலாது. ஜக்கையும் வைஸையும் விட்டுத்தான் வர வேண்டும். விட்டுவர ஏலாதது கைப்பழக்கம். காதால் கேட்டு எந்த பெயாரிங் போயிருக்கிறது எண்டு சொல்கிற பழக்கம், கட்டைவிரலால் அமத்தி இறுக்கம் பார்க்கிற பழக்கம். அகதியாக வந்த ஒரு தொழிலாளியின் முழுச் சொத்தும் அதுதான். வெளியேற்றத்தின் இழப்பை நாங்கள் காணி, வீடு, நகை எண்டு கணக்குப் பார்க்கிறோம். கூட வந்த தொழிலறிவு எந்தக் கணக்கிலும் இல்லை.

பார்க்கிற கண்

அந்தக் கைப்பழக்கம் என்ன எண்டு கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். ஒரு பெல்ட்டைச் சோதிப்பதற்கும் வரலாறு இருக்கிறது. பெல்ட் செய்கிற பொருள் மாற மாற, சோதிக்கிற கண்ணும் மாற வேண்டியிருந்தது.

ஆரம்பத்தில் இயற்கை றப்பர். சூடு, ஒயில், காற்று மூன்றும் அதற்கு எதிரி. 1931 இல் அமெரிக்காவின் டியூபொன்ட் நிறுவனம் அறிவித்த செயற்கை றப்பர், பிறகு நியோப்ரீன் எண்டு பெயர் பெற்றது. பல பத்தாண்டுகள் பெல்ட்டெல்லாம் நியோப்ரீன். அது வயசாகும்போது வெடிக்கும். அதனால் மெக்கானிக்மார் பெல்ட்டைப் புரட்டி உள்பக்கத்தில் குறுக்கு வெடிப்புத் தேடினார்கள். ஒன்று இரண்டு மெல்லிய வெடிப்பு இருந்தால் பயப்படத் தேவையில்லை. ஒரு விரல் நீளத்துக்குள் மூன்று நாலு வெடிப்பு எண்டால் நாள் குறித்துவிடலாம்.

2000 ஆண்டை ஒட்டி வரி பெல்ட்டுகள் ஈபிடிஎம் எண்டு இன்னொரு செயற்கை றப்பருக்கு மாறின. இது இலேசில் வெடிக்காது. இங்கேதான் பழைய கண் ஏமாறும். வெடிப்பே இல்லை, பெல்ட் புதுசு மாதிரி இருக்கு எண்டு விட்டுவிடுவோம். உண்மையில் அது டயர் மாதிரித் தேய்கிறது. வரிகளுக்கு நடுவில் உள்ள பள்ளம் அகன்று, பெல்ட் புலிக்குள் ஆழமாக உட்கார்ந்து, பிடி குறைகிறது. இதைக் கண்டுபிடிக்க பெல்ட் கம்பனிகள் ஒரு சின்ன பிளாஸ்டிக் அளவுகோல் செய்கின்றன. அதை வரிப் பள்ளத்துக்குள் வைத்துப் பார்த்தால் தேய்வு தெரியும். இன்னொரு விஷயம். ஈபிடிஎம் பெற்றோலிய இரசாயனத்தில் பிறந்தது. 1876 இல் கம்பஹா ஹெனரத்கொடவில் றப்பர் கன்று நட்ட நாடு இது. அந்த மரத்தின் பால் இன்றைய பேன் பெல்ட்டுக்குத் தேவைப்படவில்லை.

மற்ற அடையாளங்கள் எல்லாக் காலத்துக்கும் பொது. பக்கம் கண்ணாடி மாதிரிப் பளபளத்தால் பெல்ட் வழுக்கியிருக்கிறது. ஓரம் நூல் நூலாகப் பிரிந்தால் ஏதோ ஒரு புலி நேர்கோட்டில் இல்லை. ஒயிலோ கூலண்டோ பட்டு ஊதி மெதுவாகிப் போனால், பெல்ட்டை மாற்றமுன்னம் ஒழுக்கை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் புதுசும் அதே பாடுதான்.

எங்கட கரைக்கு எண்டு இரண்டு எதிரிகள் கூடுதலாக உண்டு. மணலும் உப்பும். கல்பிட்டிக் குடா ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் கடல், நடுவில் மணல். காற்றுக் காலத்தில் அந்த மணல் பெல்ட்டின் வரிக்குள் போய் அரம் மாதிரி அராவும். உப்புக் காற்றில் புலி துருப்பிடிக்கும். துருப்பிடித்த புலியில் பெல்ட் ஓடுவது மண்தாளில் ஓடுவதற்குச் சமம். அதுவும் வாரக்கணக்கில் நின்ற வாகனத்தில் இது கட்டாயம் பார்க்க வேண்டிய விஷயம். 2022 எரிபொருள் வரிசைக் காலத்தில் எத்தனை வாகனங்கள் முற்றத்தில் நின்றே காலம் கழித்தன எண்டு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்.

சத்தத்துக்கும் ஒரு மொழி இருக்கு. காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது ‘கீஈஈ’ எண்டு நீளமாகக் கத்தினால் பெரும்பாலும் தளர்வு அல்லது தேய்வு. குருவி மாதிரி ‘சிக் சிக்’ எண்டு விட்டு விட்டுக் கேட்டால் புலி நேரில்லை. சந்தேகம் எண்டால் எஞ்சின் ஓடும்போது தூரத்தில் நின்று பெல்ட்டின் வரிப் பக்கத்தில் கொஞ்சம் தண்ணி தெளித்துப் பார்க்கலாம். சத்தம் நின்று கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்தால் நேர்க்கோட்டுப் பிரச்சினை. தெளித்தவுடன் சத்தம் கூடினால் இறுக்கம் போதாது. சவர்க்காரம் தேய்க்கிற வைத்தியம் நாடு முழுக்க இருக்கிறது. அது சத்தத்தை மூடுமே தவிர நோயை மாற்றாது.

மாற்றுகிற கை

மாற்றுவதற்கு முன்னம் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். டைமிங் பெல்ட் வேறு, பேன் பெல்ட் வேறு. டைமிங் பெல்ட் பல் வைத்தது, மூடிக்குள் இருக்கும், வால்வும் பிஸ்டனும் அதன் கணக்கில் ஓடும். அதில் கை வைக்க அனுபவம் வேண்டும். இங்கே சொல்வது வெளியே தெரிகிற பெல்ட்டைப் பற்றி மட்டும்.

எஞ்சின் ஆற வேண்டும். சாவியைக் கழற்றி, பற்றரியின் நெகட்டிவ் முனையையும் கழற்ற வேண்டும். இதை வெறும் சம்பிரதாயமாக நினைக்க வேணாம். சில கார்களில் றேடியேட்டருக்குப் பின்னால் உள்ள மின்விசிறி சாவி இல்லாமலும் தானாகச் சுற்றத் தொடங்கும். 1942 இல் ஆலைப் பட்டிக்கு வேலி அடைக்கச் சொன்ன அதே காரணம்தான், விரல் முக்கியம்.

பழைய வி பெல்ட் எண்டால், ஒல்டனேட்டரைத் தாங்குகிற கீழ் நட்டையும், நீளத் துளை உள்ள பட்டையில் இருக்கிற நட்டையும் தளர்த்தி, ஒல்டனேட்டரை எஞ்சின் பக்கம் தள்ளினால் பெல்ட் தளரும். பேன் இலைகளின் மேலால் ஒவ்வொன்றாகக் கழற்றி எடுக்கலாம். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பிக் கழற்றுவதும் பூட்டுவதும் கெட்ட பழக்கம். உள்ளே இருக்கிற நூல் அறுந்துவிடும், வெளியே தெரியாது. பெல்ட் இல்லாத நேரத்தில் எல்லாப் புலியையும் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். கரகரப்பு, ஆட்டம் இருந்தால் பெயாரிங் போயிருக்கிறது. புதுப் பெல்ட்டைப் போட்டு, ஒல்டனேட்டரின் தடித்த உடம்பில் ஒரு மரக்கட்டையை வைத்து நெம்பி இறுக்கி நட்டைப் பூட்ட வேண்டும். அலவாங்கை எடுத்து பலத்தைக் காட்டினால் பெயாரிங்கும் வாட்டர் பம்பும் சேர்ந்து போகும். நீளமான பக்கத்தின் நடுவில் கட்டைவிரலால் அமத்தினால் அரை அங்குலம் அளவில் இறங்க வேண்டும், பொதுக்கணக்கு இதுதான். பத்து நிமிஷம் ஓடவிட்டு, நிறுத்தி, திரும்பப் பார்க்க வேண்டும். புதுப் பெல்ட் முதல் ஓட்டத்தில் கொஞ்சம் இளகும்.

வரி பெல்ட்டில் இறுக்கிற வேலையை ஒரு ஸ்பிரிங் டென்ஷனர் பார்த்துக்கொள்ளும். கழற்றமுன்னம் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். முந்தின தலைமுறை சிகரட் பெட்டி அட்டையில் கீறின வழியை நாங்கள் போனில் எடுக்கிறோம், அவ்வளவுதான். ஸ்பானரால் டென்ஷனரை ஸ்பிரிங்குக்கு எதிராகத் திருப்பி, வழவழப்பான ஒரு புலியிலிருந்து பெல்ட்டை வழுக்கி எடுக்கலாம். டென்ஷனரைப் பட்டென்று விடக் கூடாது. போடும்போது ஒரு விதி: வரி உள்ள புலிக்கு வரிப் பக்கம், வழவழப்பான புலிக்கு முதுகுப் பக்கம். ஒரு வரி வெளியே தள்ளி உட்கார்ந்தாலும் சில கிலோமீற்றரில் ஓரம் கிழியும். சில கார்களில் டென்ஷனர் இல்லாத, இழுத்துப் போடுகிற பெல்ட் இருக்கும். அதற்குத் தனிக் கருவி தேவை.

அளவு பெல்ட்டின் முதுகிலேயே அச்சடித்திருக்கும். 6பிகே1750 எண்டால் ஆறு வரி, பிகே எண்டது வரியின் வடிவம், 1750 மில்லிமீற்றர் நீளம். கடைக்காரர் கேட்கிற முதல் கேள்விக்கு இது பதில். ‘கிட்டத்தட்ட இதே அளவு’ எண்டு தருவதை வாங்கக் கூடாது.

இதெல்லாம் ஏன் உயிர்ப் பிரச்சினை எண்டு கேட்டால், பெல்ட் அறுந்ததும் முதலில் டாஷ்போர்டில் பற்றரி லைட் எரியும். அடுத்து சூட்டு முள் ஏறும். பவர் ஸ்டியரிங் அந்த பெல்ட்டில் ஓடினால் ஸ்டியரிங் கல்லாகும். இன்னொரு விஷயம் நிறையப் பேருக்குத் தெரியாது. பல ஜப்பான் டீசல் வான்களிலும் லொறிகளிலும் பிரேக்குக்கு உதவுகிற வெக்யூம் பம்ப் ஒல்டனேட்டரின் முதுகில் பூட்டியிருக்கும். பெல்ட் போனால் அந்த உதவியும் போகும். இரண்டு மூன்று தரம் மிதித்த பிறகு பிரேக் பெடல் இறுகிவிடும். ஸ்கூல் வான் ஒன்றில் இது நடந்தால் எண்டு யோசித்துப் பாருங்கள். வான் வைத்திருக்கிறவர் பெல்ட்டை மாற்றும் செலவைத் தள்ளிப்போடும்போது, பின் சீற்றில் இருக்கிற பிள்ளைகளையும் சேர்த்துத்தான் தள்ளிப்போடுகிறார்.

மூன்றாவது கதவு

2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு அது திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். ஏறத்தாழ ஐந்து வருஷம். நடுவில் 2022 இல் ரூபாய் விழுந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ஐத் தாண்டியது. இறக்குமதியாகிற ஒரு பெல்ட்டின் விலைக்கு என்ன நடந்திருக்கும் எண்டு பொருளியல் படிக்காமலே சொல்லலாம்.

அந்த ஐந்து வருஷத்தில் இந்த நாட்டின் பஸ்ஸும் லொறியும் வானும் புதுசு வராமலே ஓடின. யார் ஓட வைத்தது? பத்திரிகைகளில் டொலர் பற்றி எழுதினார்கள், வரிசை பற்றி எழுதினார்கள், அரகலய பற்றி எழுதினார்கள். எழுத வேண்டியவைதான். அதே நேரம் பொனட்டுக்குக் கீழே தலையை விட்டுக்கொண்டு, இந்த பெல்ட் இன்னும் ஒரு மாசம் தாங்குமா எண்டு விரலால் தடவிப் பார்த்த ஆளைப் பற்றி யாரும் எழுதவில்லை. அவர் சொன்ன ‘தாங்கும்’ எண்ட ஒரு சொல்லை நம்பித்தான் மீனும் மரக்கறியும் மனிதரும் ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

1960கள், 1990, 2020. மூன்று தரம் கதவு மூடியது, மூன்றுக்கும் காரணம் வேறு. ஒவ்வொரு தரமும் நாட்டைத் தாங்கியது இறக்குமதிப் பட்டியலில் இல்லாத ஒரு பொருள்: பார்க்கத் தெரிந்த கண்ணும் மாற்றத் தெரிந்த கையும். அதற்கு ஆவணக் காப்பகத்தில் கோப்பு இல்லை. கோட்டைக்குக் கல் இருக்கிறது, இப்னு பதூதாவுக்குப் பயணநூல் இருக்கிறது. கராஜ் பாஸுக்கு ஒரு ஒயில் கறை பட்ட கொப்பி இருந்தால் அதிசயம்.

இந்த அறிவுக்கும் ஆயுள் குறைந்துகொண்டு வருகிறது. மூச்சக்கர வண்டி எஞ்சின் காற்றில் ஆறுவது, அதற்கு ஆரம்பத்திலிருந்தே பேன் பெல்ட் தேவைப்படவில்லை. 2009 இல் வந்த மூன்றாம் தலைமுறை டொயோட்டா பிரியஸில் வாட்டர் பம்பும் மின்சாரத்தில் ஓடுகிறது, வெளி பெல்ட்டே கிடையாது. முழு மின்சாரக் காருக்கு இது எதுவுமே வேண்டாம். பெல்ட் போவதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. தோல் பட்டியும் போனதுதானே. பெல்ட்டோடு சேர்ந்து அதைப் பார்த்தவர்களின் கதையும் போய்விடும் எண்டதுதான் கவலை. 1970களில் பழகுநராகக் கராஜில் சேர்ந்தவர்களுக்கு இன்றைக்கு அறுபது எழுபது வயது. இன்னும் பத்து வருஷத்தில் யாரிடம் கேட்போம்?

வரலாறு படிக்கிற எங்களுக்கு வாய்மொழி வரலாறு எண்டு ஒரு பாடம் வைத்திருக்கிறார்கள். போர், இடப்பெயர்வு, தேர்தல் எல்லாத்துக்கும் அதைப் பாவிக்கிறோம். கராஜுக்கும் பாவிக்கலாம். கேட்க வேண்டிய கேள்விகள் கஷ்டமானவை இல்லை. யாரிடம் தொழில் பழகினீங்க? சாமான் கிடைக்காத காலத்தில் என்ன செய்தீங்க? 1990 இல் எங்கிருந்து வந்தீங்க, வரும்போது என்ன ஆயுதம் கொண்டு வந்தீங்க? ஆயுதம் எண்டு நான் சொல்வது ஸ்பானரை.

இந்தக் கிழமை ஒரு வேலை செய்யுங்கள். உங்கட வீட்டு வாகனத்திலோ, நீங்கள் போகிற வானிலோ, எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு பொனட்டைத் திறக்கச் சொல்லி பெல்ட்டைப் பாருங்கள். வெடிப்பு, தேய்வு, ஒயில், நூல். முதுகில் இருக்கிற இலக்கத்தை ஒரு கொப்பியில் எழுதுங்கள். கடைசியாக எப்போது மாற்றியது, எத்தனை கிலோமீற்றரில் எண்டு கேட்டு அதையும் எழுதுங்கள். அதற்குக் கீழே, மாற்றியவரின் பெயர், அவர் தொழில் பழகிய ஊர், பழகிய வருஷம். முதல் இரண்டு வரி வாகனத்துக்கு. மிச்ச மூன்றும் புத்தளத்தின் வரலாற்றுக்கு.